அப்பாவுக்கு இருப்பது அல்சர்தானா?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்க்கும் 52 வயது அப்பாவைப் பற்றி ஒரு மகள் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக அவருக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல். நடு இரவில் எழுந்து இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்குகிறது. மருந்துக்கடையில் வாங்கிய ‘கேஸ் மாத்திரை’ காலையில் ஒன்று, முதுகுவலி மாத்திரை சாயங்காலம் ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்குப் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ‘அல்சர்தான், காரத்தையும் டீயையும் விட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் என்டோஸ்கோபி என்றாலே அப்பாவுக்குப் பயம். கூட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டுமா என்பது கேள்வி.

போய்த்தான் ஆக வேண்டும். முதுகுவலி மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கேஸ் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதைப் பரிசோதனைத் தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காரமும் டீயும் இதில் பெரிய விஷயமே இல்லை, அவற்றைக் கடைசியில் பேசலாம்.

மலையில் பல காலமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ‘எனக்கு அல்சர் இருக்குங்க டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டே உட்காருபவர்கள் தினமும் வருவார்கள். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் சாப்பிடாமல் கொழுந்து பறிக்கப் போய் வயிறு எரிந்திருக்கும். கடைக்காரர் ‘அல்சரா இருக்கும்’ என்று ஒரு அட்டை மாத்திரை கொடுத்திருப்பார். அன்றிலிருந்து அவர் அல்சர்க்காரர். இப்படி வருபவர்களுக்கு என்டோஸ்கோபி செய்து பார்த்தால் பெரும்பாலோர் வயிற்றில் புண்ணே இருக்காது. உறுப்பில் கோளாறு இல்லாமல் வயிறு மட்டும் தகராறு செய்யும் செரிமானக் கோளாறுதான் அவர்களில் பலருக்கு. இதற்கு நேர்மாறாக, நிஜமாகவே புண் உள்ளவர் ‘சும்மா கேஸ்தான்’ என்று சோடா குடித்துக்கொண்டிருப்பார். வாய்ச்சொல்லை வைத்து இந்த இரண்டு பேரையும் பிரிப்பது எனக்கும் கஷ்டம், வேறு எந்த மருத்துவருக்கும் கஷ்டம். உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அமிலம் எல்லோர் வயிற்றிலும் சுரக்கிறது. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று மூடிக் காக்கிறது, அதனடியில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் சுரக்கிறது. இந்தக் காப்பு கெட்டால்தான் அமிலம் சுவரையே அரிக்கத் தொடங்கும். மேலோட்டமாகச் சிவந்து உரிந்திருந்தால் அது அழற்சி. அடியில் உள்ள அடுக்குகள் வரை பள்ளம் விழுந்தால் அதுதான் புண். இரைப்பையிலும் விழலாம், அதை அடுத்த முன்சிறுகுடலிலும் விழலாம். காப்பைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி (எச். பைலோரி) என்ற அந்தக் கிருமி, அப்புறம் வலி மாத்திரைகள். உங்க அப்பாவிடம் இரண்டுமே இருக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடக் கூடுதல்.

காரமும் பட்டினியும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்ற நம்பிக்கைக்காக நம் ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். 1980கள் வரை மருத்துவக் கல்லூரிகளிலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உணவுக்கும் அல்சருக்கும் முடிச்சுப் போட்ட ஆராய்ச்சி ஒன்று நம் குன்னூரிலேயே நடந்திருக்கிறது. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியுமாகச் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் தெம்பாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிச் சாப்பாட்டையும் மதராஸ் ஏழைகளின் அரிசிச் சாப்பாட்டையும் தின்றவற்றில் இரைப்பைப் புண் கண்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பிற்பாடு மைசூரில் வேலை பார்த்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவியும், அரிசி தின்னும் தெற்கில் முன்சிறுகுடல் புண் அதிகம், கோதுமை தின்னும் வடக்கில் குறைவு என்று கணக்கெடுத்துச் சொன்னார். கவனித்தது சரியாகவே இருக்கலாம். சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு பங்கும் இருக்கலாம். ஆனால் முக்கியமான குற்றவாளி அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், இரைப்பைத் திசுக்களில் வளைந்த கிருமிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்து கிருமியை வளர்க்கப் பார்த்தார். வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்துவிட, திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது. அப்படியும் யாரும் நம்பாததால் 1984ல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். என்டோஸ்கோபியில் நல்ல அழற்சி. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டுதான் வாழ்கிறது. நாம் செய்யும் பரிசோதனைகளில் பாதி இந்தக் குணத்தை வைத்துத்தான் நடக்கின்றன.

கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து எழுந்த தலைமுறைக்கு இது வந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. அத்தனை பேருக்கும் அல்சர் வருவதில்லை, பத்தில் ஒருவர் போலத்தான் வருகிறது.

இப்போது உங்க அப்பாவின் இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கிருமி போய்ப் பல மாதம், ஏன், வருஷங்கள் ஆன பிறகும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். ஆகவே பாசிட்டிவ் என்றால் ‘எப்போதோ தொற்றியிருக்கிறது’ என்று மட்டும்தான் பொருள். பாதி ஜனங்களுக்குப் பாசிட்டிவ் வரக்கூடிய ஒரு சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இப்போது கிருமி உயிரோடு இருக்கிறதா என்று சொல்பவை மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமியின் துணுக்கைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை, என்டோஸ்கோபியில் எடுக்கும் திசு ஆகிய மூன்றும்தான்.

இங்கேதான் அந்தக் கேஸ் மாத்திரை குறுக்கே வருகிறது. பேன்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எதுவாக இருந்தாலும் சரி, அதைச் சாப்பிட்டுக்கொண்டே மூச்சு, மலப் பரிசோதனைகளோ திசுப் பரிசோதனையோ செய்தால் கிருமி பதுங்கிக்கொண்டு ‘இல்லை’ என்று பொய்யாக முடிவு வரலாம். பொதுவாகப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்னால் இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வோம். ஆன்டிபயாடிக்கோ பிஸ்மத் என்ற வயிற்று மருந்தோ சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். நிறுத்தினதும் எரிச்சல் கூடலாம். அமிலத்தை நீண்ட நாள் அடக்கி வைத்தால், விட்டதும் கொஞ்ச நாள் அது கூடுதலாகவே சுரக்கும். அந்த நாட்களில் ஜெலுசில் போன்ற மருந்தைக் குடித்துச் சமாளிக்கலாம், அது முடிவைக் கெடுக்காது. ஆனால் கறுப்பாக மலம் போனாலோ இரத்த வாந்தி வந்தாலோ இந்த இரண்டு வாரக் கணக்கையெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி.

அடுத்தது முதுகுவலி மாத்திரை. எனக்கு இதில்தான் கோபம் அதிகம். கவாத்துக் கத்தி பிடித்து நாள் முழுக்க வெட்டுபவருக்குத் தோளும் முதுகும் வலிக்கத்தான் செய்யும். கூடை சுமக்கும் பெண்களுக்குக் கழுத்து போய்விடும். வலிக்கு மாத்திரை கேட்பது தப்பில்லை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் கேட்ட உடனே கிடைக்கின்றன. சில கடைகளில் இரண்டு மூன்று மாத்திரையைப் பேர் தெரியாமல் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதற்குள் ஒரு ஸ்டீராய்டும் இருந்துவிட்டால் வயிற்றுக்கு இரட்டை அடி. இந்த மருந்துகள் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுக்கின்றன. இரைப்பையின் சளிக்காப்பை வளர்ப்பதும் அதே பொருள்தான். முதுகுவலியைக் குறைத்த கையோடு வயிற்றின் காப்பையும் எடுத்துவிடுகின்றன. ‘சாப்பிட்ட பிறகுதான் போடுகிறார்’, ‘மாத்திரை இல்லை, ஊசிதான் போட்டுக்கொள்கிறார்’ என்பவையெல்லாம் பாதுகாப்பு ஆகாது. இரத்தத்தில் கலந்த பிறகு ஊசியும் மாத்திரையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இன்னொரு தொல்லை, வலி மாத்திரை வயிற்று வலியையும் மறைத்துவிடும். அதனால் எச்சரிக்கையே இல்லாமல், முதல் அறிகுறியே இரத்தப்போக்காக வருவது இவர்களிடம் உண்டு.

மாற்று என்ன? பாராசிட்டமால் அளவோடு போடலாம். மேலே தடவும் மருந்து, வெந்நீர் ஒத்தடம், முதுகுக்கான பயிற்சி எல்லாம் உண்டு. இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதியவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடு இரவில் எரிவதும் பிஸ்கட் தின்றால் அடங்குவதும் முன்சிறுகுடல் புண்ணின் பழைய அடையாளம். இரைப்பைப் புண் என்றால் சாப்பிட்டதும் வலி கூடும் என்பார்கள். ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, பல பேருக்குப் பாடப்புத்தகப்படி வலிக்காது. அப்பாவிடம் வேறு சிலவற்றை நேரடியாகக் கேளுங்கள். எடை குறைந்திருக்கிறதா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டாரா? சோறு விழுங்கும்போது தடைபடுகிறதா? மேடு ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு வருகிறதா? மலம் தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனதுண்டா? காலையில் தின்றது சாயங்காலம் அப்படியே வாந்தியாக வருகிறதா? கடைசியாகச் சொன்னது ஆறாத பழைய புண் தழும்பாகி இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டதைக் காட்டும். அந்தக் காலத்தில் தென்னிந்திய ஆஸ்பத்திரிகளில் இது மிகச் சாதாரணம். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். நெஞ்சுக்குக் கீழே நீளமான தையல் தழும்போடு இருக்கும் பெரியவர்களைத் தோட்டங்களில் இன்னும் பார்க்கலாம். இப்போது அந்த ஆபரேஷன் அபூர்வம். இவற்றில் ஒன்று இருந்தாலும் என்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். எதுவுமே இல்லாவிட்டாலும், 52 வயதும் இரண்டு வருஷத் தொந்தரவும் என்னைப் பொறுத்தவரை போதுமான காரணம். கூடவே ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். புண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்தால் அது முதலில் அங்கேதான் தெரியும்.

என்டோஸ்கோபி பற்றிய பயத்தைப் போக்க, நடப்பதை அப்படியே சொல்கிறேன். முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி, அப்புறம் ஒன்றும் கூடாது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை ஸ்பிரே செய்வார்கள், கசக்கும். எச்சில் விழுங்குவதே தெரியாது, அது சிலரைப் பயமுறுத்தும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் சுண்டுவிரல் பருமன்கூட வராது. தொண்டையைத் தாண்டும் அந்த ஒரு நொடிதான் சிரமம், ஓங்கரிக்கும். பிறகு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் ஐந்து, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மூச்சுக்குழாய் வேறு வழி, அது அடைபடாது என்பதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாதிப் பயம் அதில்தான். ரொம்பவும் பயந்தால் தூக்க ஊசி போட்டுச் செய்யலாம், துணைக்கு ஆள் வேண்டும்.

புண் தெரிந்தால் கிருமிக்காக அரிசிமணியளவு திசுவைக் கிள்ளி எடுப்பார்கள், வலிக்காது. அதை மஞ்சள் நிறக் கூழ் உள்ள சின்னத் தட்டில் வைப்பார்கள். கூழில் யூரியா இருக்கிறது. கிருமி இருந்தால் அம்மோனியா உண்டாகி, மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். கிருமி நிறைய இருந்தால் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே மாறிவிடும், இல்லாவிட்டால் சில மணி நேரம் ஆகும். புண் இரைப்பையில் இருந்தால் ஓரங்களிலிருந்தும் திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியே தீர வேண்டும். இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் சாதாரணப் புண் போலவே தெரியும், அமில மாத்திரைக்குக் கொஞ்சம் ஆறுவது போலவும் நடிக்கும். அதனால் இரைப்பைப் புண்ணை இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்த்து, ஆறியதை உறுதி செய்வது வழக்கம். முன்சிறுகுடல் புண் புற்றாவது ஏறக்குறைய கிடையாது. அங்கே வழக்கமாக மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

எங்கே போவது? உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. முதலில் அங்கே விசாரியுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோவைதான் என்று முடிவானால் ஒரு நடைமுறை விஷயம்: வெறும் வயிற்றோடு விடிகாலையில் கோத்தகிரி மலைப்பாதையில் இறங்கினால் பலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். குஞ்சப்பனையில் வண்டி நிற்கும்போது ‘ஒரு டீ மட்டும்’ என்று குடித்துவிட்டு, அங்கே போய் ‘இன்றைக்கு முடியாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. முந்தின நாளே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அன்று காலை போடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம்.

சமவெளியில் இருப்பவர் தள்ளிப்போடுவதும் நாம் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல என்று இதனால்தான் சொல்கிறேன். புண் ஒரு நாள் இரவு இரத்தம் கக்கினால் அவர்களுக்கு அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. நமக்கு ஐப்பசி மழையில் எங்காவது மண் சரிந்து கிடக்கும், பலாப்பழக் காலமென்றால் குஞ்சப்பனைப் பக்கம் யானை வழிமறித்து நிற்கும். வெயில் காலத்தில் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதை நெருக்கடியில் பார்க்க வைத்துவிடாதீர்கள்.

புண்ணும் கிருமியும் உறுதியானால் வைத்தியம் 14 நாள். இப்போது முதலில் தரப்படுவது பெரும்பாலும் நான்கு மருந்துகளின் கூட்டு: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். பழைய மூன்று மருந்துக் கூட்டில் உள்ள கிளாரித்ரோமைசினுக்குப் பல இடங்களில் கிருமி பழகிவிட்டது. எந்தக் கூட்டு என்பதை உங்க மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது சுகமான இரண்டு வாரமாக இருக்காது என்பதுதான். வாயில் இரும்பு ருசி அடிக்கும், குமட்டும், மலமும் நாக்கும் பிஸ்மத்தால் கறுக்கும். அந்தக் கறுப்பு வேறு, இரத்தக் கறுப்பு வேறு. இரத்தம் என்றால் பளபளவென்று தார் போல ஒட்டும், நாற்றம் குடலைப் புரட்டும், ஆளும் வெளிறி மயங்குவார். சத்து மாத்திரையாகத் தரும் இரும்பும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மெட்ரோனிடசோல் ஓடும்போது சாராய வகை எதுவும் கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடோ ஜெலுசிலோடோ சேர்த்துப் போட்டால் உடம்பில் ஏறாது. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றது என்று மாத்திரையை நிறுத்தினால், தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டு ‘கேட்கவே இல்லை’ என்பவர்கள் ஏராளம். முன்சிறுகுடல் புண்ணுக்கு நான்கிலிருந்து எட்டு வாரம், இரைப்பைப் புண்ணுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை அது ஓடலாம். வீட்டில் பழைய ரானிடிடின் அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு மாசு அதில் சேர்கிறது என்று அமெரிக்காவில் 2020ல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022ல் அது நீங்கிவிட்டது.

பலரும் விட்டுவிடும் கட்டம் ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். எரிச்சல் நின்றால் கிருமி போயிற்று என்று அர்த்தமில்லை. இரத்தப் பரிசோதனை இங்கேயும் உதவாது, அது பாசிட்டிவாகவே இருக்கும். கிருமியை ஒழித்தும் வலி மாத்திரையை விட்டும் புண் மீண்டும் வருவது மிகக் குறைவு.

புண்ணே இல்லை என்று வந்தால்? அது நல்ல செய்திதான், ஆனால் தேடல் அதோடு முடிந்துவிடாது. பித்தப்பைக் கல் இதே இடத்தில், வலப்பக்கமாக, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கணக்கில் வலிக்கும். அதற்கு ஸ்கேன் வேண்டும், என்டோஸ்கோபியில் தெரியாது. குடிப்பவருக்கு முதுகுக்குப் பாயும் வலி வந்தால் கணையத்தை நினைக்க வேண்டும். மாலை ஜுரம், எடை குறைவு, வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால் குடல் காசநோயைத் தேட வேண்டும். இந்த மாவட்டத்துக்கென்றே ஒன்று உண்டு. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பத்துப் பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி, கைகால் வலி என்றால் அல்சர் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதில் நெடுங்காலமாக வேலை செய்கிறது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மாரடைப்பை வாயு என்று நினைப்பது. இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் வலி நெஞ்சுக்குழியில்தான் தெரியும், வாந்தியும் வரும். கோத்தகிரிக் குளிரில் ஒருவருக்குச் சட்டை நனைய வியர்க்கிறதென்றால் ஈனோ கலக்கிக்கொண்டு நிற்காதீர்கள், ஈசிஜி எடுங்கள். அதேபோல, திடீரென்று கத்தியால் குத்தினாற்போல வலி வந்து, வயிறு பலகையாக இறுகி, ஆள் அசையாமல் சுருண்டு கிடந்தால் புண் ஓட்டையாகியிருக்கிறது. அதற்கு அன்றே ஆபரேஷன். இரத்த வாந்தி, தார் மலம், இந்த வலி எது வந்தாலும் காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, சாப்பாடு. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. எரிச்சலைக் கூட்டினால் அந்த நாட்களில் குறைத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். பால் குடித்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். மணத்தக்காளிக் கீரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கிருமியை அது கொல்லாது. ஊட்டி முட்டைக்கோஸ் சாறு அல்சரை ஆற்றும் என்று சொல்கிறார்களே, அது நம்மூர் வைத்தியமே அல்ல. 1949ல் அமெரிக்காவில் கார்னெட் சேனி என்ற மருத்துவர் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியது. சின்ன ஆய்வு, அதன்மேல் இன்றைய வைத்தியம் எதுவும் நிற்கவில்லை. கோஸைப் பொரியலாகச் சாப்பிடட்டும். நிஜமாகவே விட வேண்டியது பீடியும் வாயில் அடக்கும் புகையிலையும்தான். புகை பிடிப்பவருக்குப் புண் மெதுவாக ஆறும், மறுபடியும் வரும்.

டீயை நிறுத்து என்று தோட்டக்காரரிடம் சொன்னால் கேட்கவும் மாட்டார், அதற்கு அவசியமும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் அந்தக் கடுஞ்சாயத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு மலையேறாமல், இரண்டு இட்லியோ நேற்றைய சோறோ தின்றுவிட்டுக் குடிக்கட்டும். பரிசோதனைத் தேதி கிடைத்ததும், அவர் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காகிதத்தில் மடித்து வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.